பெயர்ப்பலகையை மாற்றியது போதும்: ரோமா பிள்ளைகளின் பள்ளி பற்றி ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஆணையத்துக்கும், செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நாடுகளின் கல்வி அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

செக் நாட்டின் ஒஸ்ட்ராவா நகரைச் சேர்ந்த ரோமா பிள்ளைகள் 18 பேர் தொடுத்த வழக்கில், ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, அதாவது 17 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2007 நவம்பர் 13 அன்று தீர்ப்புச் சொன்னது. 13 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். அந்தப் பிள்ளைகளை அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான சிறப்புப் பள்ளியில் போட்டது இனப் பாகுபாடு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அன்று பிறந்த குழந்தை இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டது. அது ரோமா வீட்டில் பிறந்திருந்தால் எப்படிப்பட்ட பள்ளியில் படித்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வியன்னாவில் இருக்கிற உங்களுடைய அடிப்படை உரிமைகள் முகமைதான் அதைக் கணக்கெடுத்துச் சொல்கிறது. 6 முதல் 15 வயதுக்குள் இருக்கும் ரோமா பிள்ளைகளில் 52 சதவீதம் பேர், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் அல்லது பெரும்பாலோர் ரோமாவாகவே இருந்த பள்ளிகளில் படித்தார்கள். இது 2021-ஆம் ஆண்டுக் கணக்கு. 2016-இல் இது 44 சதவீதமாக இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு குறையவேண்டிய எண் கூடியிருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு உங்கள் மொழியில் நகல் வரும். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களும் ஊரில் இருக்கும் தமிழர்களும் இதைப் படிக்கவேண்டும் என்பதால் தமிழில் ஒரு பிரதி. அவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம்: ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து கிளம்பி, பாரசீகம், பைசாந்தியம் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் ரோமா மக்கள். இன்று ஐரோப்பா முழுக்க ஒரு கோடி முதல் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வரை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் பாதிப்பேர், சுமார் 60 லட்சம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாழ்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் "ஜிப்சி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் மக்கள் இவர்கள்தான். பெரும்பாலோர் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்கள். நாடோடி என்ற படம் சினிமாவுக்குத்தான் வசதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒஸ்ட்ராவா வழக்கில் வைக்கப்பட்ட கணக்கை மறந்திருக்கமாட்டீர்கள். நகரத்தின் தொடக்கப் பள்ளி மாணவர்களில் ரோமா 2.26 சதவீதம். சிறப்புப் பள்ளிகளிலோ 56 சதவீதம். நகரத்து ரோமா மாணவர்களில் பாதிப்பேர் சிறப்புப் பள்ளியில் இருந்தார்கள். மற்ற மாணவர்களில் இரண்டு சதவீதம்கூட அங்கே இல்லை. ஓர் இனத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று ஒரு நகரம் முடிவு செய்து, அதற்கு முத்திரை குத்தி, கோப்பில் போட்டு வைத்திருந்தது. அதை ஒருவரும் தமாஷாகச் செய்யவில்லை. உளவியலாளர் இருந்தார், தேர்வு இருந்தது, மதிப்பெண் இருந்தது, பெற்றோரின் கையெழுத்தும் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதுப் பிள்ளை. வீட்டில் பேசுவது ரோமானி மொழி. பாலர் பள்ளிக்குப் போனதில்லை, ஏனென்றால் குடியிருப்புக்குப் பக்கத்தில் பாலர் பள்ளி இல்லை, இருந்தாலும் இடம் இல்லை. அந்தப் பிள்ளையை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, அது அதிகம் கேட்டிராத மொழியில், அது பார்த்திராத பொருள்களின் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். பிள்ளை விழிக்கிறது. "லேசான அறிவுத்திறன் குறைபாடு" என்று எழுதப்படுகிறது. அம்மாவிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. அங்கே வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் நன்றாகக் கவனிப்பார், உங்கள் அக்கா பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள், யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் விஷயம்: அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் சுருக்கப்பட்டது, அங்கிருந்து வெளியே வந்தால் ஒன்றிரண்டு தொழிற்பயிற்சிகளைத் தவிர வேறு கதவு திறக்காது, ஒருமுறை உள்ளே போன பிள்ளை சாதாரணப் பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம். அம்மா கையெழுத்துப் போடுகிறாள்.

இதற்குப் பின்னால் பணக்கணக்கும் உண்டு. சிறப்புத் தேவை உள்ள மாணவருக்கு அரசு தலைக்குக் கணக்கிட்டுப் பள்ளிக்குத் தரும் தொகை கூடுதல். பள்ளியை நடத்த பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சாதாரணப் பள்ளித் தலைமையாசிரியரின் நெருக்கடி வேறு மாதிரி. ரோமா பிள்ளைகளின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியதும் மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றத் தொடங்குகிறார்கள். தலை குறைந்தால் காசு குறையும். ஆகவே அவர் "அ" பிரிவு, "ஆ" பிரிவு என்று பிரிக்கிறார். இல்லையென்றால் காலையில் ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட். ரோமா பிள்ளைகள் எந்த ஷிஃப்ட் என்பதை ஊகிப்பது கடினமில்லை. கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஷரிஷ்ஸ்கே மிஹல்யானி என்ற ஊரில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்த பள்ளிக்கு எதிராக 2012-இல் ப்ரெஷொவ் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பள்ளியின் வாதம் ஏறக்குறைய இதுதான்: தனித்தனியாக வைத்தால்தான் அவர்களுக்கு நல்லது.

இதில் யாருமே தன்னை இனவெறியர் என்று நினைத்துக்கொள்வதில்லை. உளவியலாளர் தேர்வு வைத்தார், தலைமையாசிரியர் பள்ளியைக் காப்பாற்றினார், பக்கத்து வீட்டு அப்பா தன் மகளுக்கு நல்ல பள்ளி தேடினார். முடிவில் ஒரு கட்டடம் முழுக்க ஒரே இனத்துப் பிள்ளைகள். அதனால்தான் இதை நல்லெண்ணத்தால் தீர்க்கமுடியாது என்கிறேன். எல்லோரிடமும் கொஞ்சம் நல்லெண்ணம் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்கள் இதுவரை செய்தது என்ன? செக் நாடு 2005-இல் "சிறப்புப் பள்ளி" என்ற வகையையே சட்டத்திலிருந்து நீக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், அதே பிள்ளைகள், வாசலில் "செய்முறைத் தொடக்கப் பள்ளி" என்று புதுப் பலகை. ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு வந்தபோது, அது இப்போது இல்லாத பழைய முறை பற்றிய தீர்ப்பு என்று சொல்லிக்கொள்ள அந்தப் பலகை உதவியது. 2016-இல் வந்த சீர்திருத்தம் அதைவிட நேர்மையானது. சாதாரணப் பள்ளிக்குள்ளேயே துணை ஆசிரியர் வைத்துப் பிள்ளைகளுக்கு உதவ அது சட்ட உரிமை தந்தது. ஆனால் ரோமா பிள்ளைகளே நிறைந்திருக்கும் சாதாரணப் பள்ளிகள் அப்படியே இருந்தன. சிறப்புப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை அடுத்த தெருவில் இன்னொரு தனிப் பள்ளிக்குள் நுழைந்தால் அதற்கு இணைப்பு என்று பெயர் வைக்கமுடியாது. ஸ்லோவாக்கியா 2023-இல் தன் கல்விச் சட்டத்தில் பிரித்து வைத்தல் என்றால் என்ன என்பதற்கு வரையறை எழுதியது. வரவேற்கிறேன். வரையறை இருப்பதால் மட்டும் எந்தப் பேருந்தும் எந்தப் பிள்ளையையும் வேறு பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகாது.

இடையில் ஒன்று. "எங்கள் பிள்ளைகளுக்கு அறிவுக் குறைபாடு இல்லை, ஆகவே சிறப்புப் பள்ளியில் போடாதீர்கள்" என்ற வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. உண்மையிலேயே குறைபாடு உள்ள பிள்ளையையும் அப்படி ஓரமாக ஒதுக்கி வைக்கக்கூடாது. ரோமா பிள்ளைகளை அங்கே போட்டது அநியாயம் என்று கத்தும்போது, அந்தப் பள்ளி யாருக்கோ பொருத்தமானது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

ஹங்கேரியின் கதை வேறு ரகம். ஜ்யொங்யொஷ்பட்டா கிராமத்துப் பள்ளியில் ரோமா பிள்ளைகளுக்குத் தரைத்தளம், மற்றவர்களுக்கு மாடி. பல ஆண்டுகள் இப்படி நடந்தது. அங்கே படித்த சுமார் 60 பேருக்கு, மொத்தம் ஏறத்தாழ 10 கோடி ஃபோரின்ட் இழப்பீடு தரவேண்டும் என்பதை 2020 மே மாதம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே, அந்த ஆண்டுத் தொடக்கத்தில், பிரதமர் விக்டர் ஓர்பான் வெளிப்படையாகப் பேசினார். உழைக்காமலே ஒரு கூட்டத்துக்குப் பெரிய தொகை கிடைப்பதா என்பது அவருடைய கேள்வியின் சாரம். தீர்ப்பைத் தடுக்கமுடியவில்லை. ஆனால் இனிமேல் இப்படிப்பட்ட வழக்குகளில் பணத்துக்குப் பதிலாகப் பயிற்சியோ கல்வியோ கொடுத்தால் போதும் என்று அதே ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள். படிப்புச் சொல்லித்தராத பள்ளி செய்த தவறுக்கு, முப்பது வயதை நெருங்குபவருக்கு இழப்பீடாக அதே பள்ளி முறையிடமிருந்து பாடம்.

அதே நாட்டில் நீரெட்ஹாஸா நகரில் ஹுசார் குடியிருப்பு என்ற ரோமா பகுதி. அங்கிருந்த தனிப் பள்ளியை நகராட்சி 2007-இல் மூடி, பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பியது. பிறகு 2011-இல் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அதே இடத்தில் பள்ளியைத் திறந்தது. மறுபடி ரோமா பிள்ளைகள் மட்டும். வழக்கு மேலே போனபோது, பெற்றோர் சமயக் கல்வியை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லி 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்துவிட்டது. சமய நிறுவனங்களின் சேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒஸ்ட்ராவா தீர்ப்பில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன ஒன்றை நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்: இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கமுடியாது.

"அவர்களே விரும்பித்தானே அனுப்புகிறார்கள்" என்பது அமைச்சர்களின் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஏன் அப்படி விரும்புகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? கேலி, அடி, மதிய உணவு மேசையில் தனியாக உட்காருவது, இதெல்லாம் இல்லாத இடத்தைத் தாய் தேடுகிறாள். அரசு அலுவலகத்தின் தாள் எதையும் அவள் நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1970-களிலிருந்து ரோமா பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்ய அரசே ஊக்கத்தொகை கொடுத்தது. பல பெண்களிடம் பிரசவ வலியின்போது கையெழுத்து வாங்கினார்கள். ஆட்சி மாறிய பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. எலெனா கொரொலோவா போன்ற ஒஸ்ட்ராவா பெண்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்று போராடிய பிறகு, 2021-இல்தான் தலைக்கு 3 லட்சம் கொருனா இழப்பீடு தர செக் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மருத்துவமனையில் என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட அம்மாவின் மகள்தான் இன்று பள்ளியில் கையெழுத்துப் போடுகிறாள். விருப்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடு பயன்படுத்துங்கள்.

பழைய கணக்கைக் கிளறவேண்டுமா என்பீர்கள். லெட்டி என்ற ஊரில் செக் காவலர்களின் பொறுப்பில் இருந்த முகாமில் 1942, 1943 ஆண்டுகளில் ரோமா குடும்பங்களை அடைத்து வைத்தார்கள். அங்கே இறந்தவர்கள் 300-க்கும் மேல், அதில் ஏராளமான குழந்தைகள். மற்றவர்களில் பலர் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். 1970-களில் அந்த இடத்தில் பன்றிப் பண்ணை கட்டினார்கள். பண்ணையை அரசு விலைக்கு வாங்கி, இடித்து, நினைவிடம் திறக்க 2024 ஆகிவிட்டது. பெற்றோர் சந்திப்புக்கு ரோமா குடும்பங்கள் வருவதில்லை என்று குறைப்படும் தலைமையாசிரியர்கள் அந்த நினைவிடத்துக்கு ஒருமுறை போய்வந்தால் நல்லது.

சுவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1999 அக்டோபரில் உஸ்தி நாத் லாபெம் நகரின் மாதிச்னி தெருவில் ரோமா குடியிருப்புக்கு எதிரே சுவர் எழுந்தது. ஐரோப்பா முழுக்கக் கண்டனம் வர, ஆறு வாரத்தில் இடித்தார்கள். பத்து ஆண்டு கழித்து ஸ்லோவாக்கியாவின் ஒஸ்ட்ரொவானியில் ஊராட்சிச் செலவில் இன்னொன்று. 2013-இல் கோஷித்சே நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகக் கொண்டாடப்பட்ட அதே ஆண்டில் அங்கேயும் ஒன்று. அதை எடுக்கச் சொல்லி உங்கள் ஆணையரே மேயருக்குக் கடிதம் எழுதினார். மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் தலித் மக்களைத் தடுக்க 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆனது என்பதை அறிந்த தமிழர்களுக்கு, இந்தச் சுவர்களுக்குச் சொன்ன காரணங்கள் புதிதல்ல. சத்தம், திருட்டு, வாகன நிறுத்தம், பாதுகாப்பு. செங்கல் சுவர் கட்டினால் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுகிறார்கள், அமைச்சர் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை எல்லையை ஒரு தெரு தள்ளிக் கோடு போட்டால் யாரும் படம் எடுப்பதில்லை.

இப்போது ஆணையத்திடம் நேராகப் பேசுகிறேன்.

உங்களிடம் 2000-ஆம் ஆண்டிலிருந்து உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் இனச் சமத்துவ நெறிமுறை இருக்கிறது. கல்வியில் இனப் பாகுபாட்டை அது தடை செய்கிறது. அதை மீறியதாகச் சொல்லி 2014-இல் செக் நாட்டின் மீதும், 2015-இல் ஸ்லோவாக்கியா மீதும், 2016-இல் ஹங்கேரி மீதும் நடவடிக்கை தொடங்கினீர்கள். நல்லது. ஸ்லோவாக்கியாவை ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது 2023 ஏப்ரலில். ஸ்லோவாக்கியாவுக்கு நீங்கள் முதல் கடிதம் எழுதிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, நீங்கள் நீதிமன்றத்தைப் பற்றி யோசிக்கும்போது எட்டாம் வகுப்பில் இருந்தது. கோப்புக்கு அவசரம் கிடையாது, தெரியும். பிள்ளையின் வயது கோப்புக்காகக் காத்திருக்காது.

வழக்கைவிட வலுவான ஆயுதம் உங்கள் கையில் இருக்கிறது: பணம். 2021–2027 நிதிக்காலத்தில், ரோமா மக்களை இணைப்பதற்கான தேசியத் திட்டம் ஒன்று வைத்திருக்கவேண்டும் என்பதைச் சில நிதிகளுக்கு நீங்களே முன்நிபந்தனையாக வைத்தீர்கள். ஆனால் அந்த நிபந்தனையை ஒரு ஆவணம் பூர்த்தி செய்துவிடுகிறது. ஆவணம் எழுதுவதில் எந்த அமைச்சகமும் தோற்றதில்லை. நிபந்தனை பள்ளி அளவுக்கு இறங்கவேண்டும். ஐரோப்பியப் பணத்தில் ஒரு புதுப் பள்ளிக் கட்டடம் எழும்புகிறது என்றால், அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று அடிக்கல் நாட்டும் முன்பே கேளுங்கள். ரோமா குடியிருப்பின் நடுவில், இரண்டு ஷிஃப்ட் முறையை ஒழிக்கிறோம் என்று சொல்லிக் கட்டப்படும் அழகான புதுப் பள்ளி, ஐம்பது ஆண்டுக்குப் பிரிவினையைக் கான்கிரீட்டில் ஊற்றி வைப்பது. அதற்கு ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

இன அடிப்படையில் கணக்கெடுக்கச் சட்டம் இடம் தரவில்லை, எந்தப் பள்ளியில் எத்தனை ரோமா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அமைச்சர்கள் கையை விரிப்பார்கள். ஸ்லோவாக்கிய அரசு 2004, 2013, 2019 என மூன்று முறை ரோமா சமூகங்களின் வரைபடத் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. எந்த ஊரில் எந்தக் குடியிருப்பு, அங்கே குடிநீர்க் குழாய் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது, தார் ரோடு உண்டா என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. செக் அமைச்சகமும் பள்ளிகளிடம் ஆண்டுதோறும் மதிப்பீடு வாங்குகிறது. ஒரு குடியிருப்பில் குழாய் இருக்கிறதா என்று தெரிந்த அரசுக்கு, அங்கிருந்து பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று தெரியாதா?

செய்யமுடியும் என்பதற்கு உங்கள் ஒன்றியத்துக்குள்ளேயே ஆதாரம் உண்டு. பல்கேரியாவின் விடின் நகரில் ட்ரோம் என்ற ரோமா அமைப்பு 2000-ஆம் ஆண்டு ஒரு காரியம் செய்தது. நோவ் பட் குடியிருப்பின் தனிப் பள்ளியில் படித்த பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, நகரத்தின் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. பேருந்து மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளோடு கூடவே போய் வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் கண்காணிக்க ஆட்களை வைத்தார்கள், பெற்றோரிடம் வீடு வீடாகப் பேசினார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உடையும் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிகளில் பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. பல்கேரியாவின் வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. இதைத் தொடங்கியது ஒரு ரோமா அமைப்பு, பணம் கொடுத்தது தனியார் அறக்கட்டளை. அரசு அதைத் தன் வேலையாக முழுதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஹங்கேரியின் ஹோட்மெசேவாஷார்ஹெய் நகரம் 2007-இல் இன்னொரு வழியில் போனது. நகராட்சிப் பள்ளிகளை மொத்தமாகக் கலைத்து, எண்ணிக்கையைக் குறைத்து, சேர்க்கை எல்லைகளைப் புதிதாக வரைந்து, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் ஏறக்குறைய சமமாகப் பரவும்படி செய்தது. இதன் சூட்சுமம் எளிது. தப்பி ஓட வேறு "சுத்தமான" பள்ளி இல்லையென்றால் யாரும் ஓடமாட்டார்கள். ஒரே ஒரு பள்ளியை மட்டும் கலப்புப் பள்ளி ஆக்கினால் மற்றவர்கள் அங்கிருந்து கிளம்பிவிடுவார்கள், சில ஆண்டுகளில் அதுவும் தனிப் பள்ளியாகிவிடும். செய்தால் நகரம் முழுக்க ஒரே நாளில் செய்யவேண்டும். அதைச் செய்தது இடதுசாரிப் புரட்சியாளர்கள் யாரும் இல்லை. மேயராக இருந்தவர் ஓர்பானின் கட்சியைச் சேர்ந்த யானோஷ் லாஸார். பக்கத்திலுள்ள செகெட் நகரில் அதே ஆண்டு தனிப் பள்ளி ஒன்றை மூடியபோது, பிள்ளைகளுக்குத் துணையாகப் பல்கலைக்கழக மாணவர்களை வழிகாட்டிகளாகப் போட்டார்கள். ஆக, இதற்கு மேதைகள் தேவையில்லை. பெற்றோரின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரு மேயரும், அவர் பின்வாங்கமுடியாதபடி பிடித்துக்கொள்ளும் ஒரு சட்டமும் போதும்.

இந்த இடத்தில் ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்களிடமும் இரண்டு வார்த்தை. நீங்களும் புதிய வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது பள்ளியைத்தான். "அந்த ஏரியாவில் ஜிப்சிகள் அதிகம், வேண்டாம்" என்று வாட்ஸப் குழுவில் சொல்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நம் நிறத்தைப் பார்த்து வீடு தர மறுத்தவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்டது இதுதானா? இன்னொரு பக்கம், ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள், நம் ரத்தம் என்று பெருமையாகப் பேசும் கூட்டமும் உண்டு. 1971-இல் லண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாட்டில் ஏற்றுக்கொண்ட கொடியில் இந்தியச் சக்கரத்தை நினைவூட்டும் சிவப்புச் சக்கரம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒஸ்ட்ராவாவில் பிறந்த பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைக்கவேண்டியது, அதன் மூதாதை எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதற்காக அல்ல. அந்தப் பிள்ளை செக் குடிமகள். அப்புறம், சொந்தம் கொண்டாடுவதற்கு முன் அவர்கள் பக்கத்தில் உட்காரப் பழகுவோம்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். 2020 அக்டோபரில் ஆணையம் அறிவித்த பத்தாண்டுத் திட்டத்தில், தனித்து வைக்கப்பட்ட தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் ரோமா பிள்ளைகளின் பங்கை 2030-க்குள் குறைந்தது பாதியாகக் குறைப்பது என்று எழுதினீர்கள். முழுவதும் ஒழிப்பது என்றுகூட எழுதவில்லை, பாதிதான். அதையாவது செய்யுங்கள்.

அமைச்சர்களே, முதலில் பட்டியலை வெளியிடுங்கள். உங்கள் நாட்டில் எந்தெந்தப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகள் மட்டும் படிக்கிறார்கள், எந்தப் பள்ளிகளில் தனி வகுப்பு நடக்கிறது, எங்கே இரண்டு ஷிஃப்ட் என்று ஊர்ப் பெயரோடு. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயர் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆண்டு எழுதுங்கள்: இது இந்தக் கல்வியாண்டில் முடியும் என்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு வைக்கும் தேர்வு அதன் தாய்மொழியில் நடக்கட்டும். அதன் முடிவை வைத்துச் சுருக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். கூடுதல் பணம் கட்டடத்துக்குப் போகாமல் பிள்ளையோடு போகட்டும், அது எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும். சேர்க்கை எல்லையை வரையும் அதிகாரத்தை மேயரிடம் மட்டும் விடாதீர்கள், அவருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. திருச்சபைப் பள்ளியும் தனியார் பள்ளியும் அரசுப் பணம் வாங்கினால் அதே விதி அவற்றுக்கும். துணை ஆசிரியர்களாகவும் வகுப்பாசிரியர்களாகவும் ரோமா இளைஞர்களை நியமியுங்கள், நிரந்தரச் சம்பளத்தில். திட்டம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடும் ஒப்பந்தத்தில் வேண்டாம்.

ஆணையத்தினரே, பட்டியலில் உள்ள பள்ளிக்கு எதிரே எழுதிய ஆண்டு தவறினால், அந்த மாவட்டத்தின் கல்விக் கட்டடங்களுக்கான பணத்தை அந்த ஆண்டே நிறுத்துங்கள். அடுத்த நிதிக்காலத்துக்கான விதிகளை எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் எந்த நாடு எதிர்க்கிறது என்று பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள். உங்கள் பதிலையும் இந்த மடலைப் போலவே எல்லோரும் படிக்கத் தமிழில் வெளியிடுகிறேன்.

இப்படிக்கு,
ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி கட்டி, வாக்களித்து வாழும் ஒரு தமிழன்